தரை எங்கே முறியும், எவ்வளவு விலகும்?

அலாஸ்காவின் வடகோடியிலிருந்து தெற்குத் துறைமுகத்துக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயின் விட்டம் 48 அங்குலம். 1970-களின் தொடக்கத்தில் அதற்குப் பாதை வகுத்தபோது, டெனாலி நிலப்பிளவைக் கடக்காமல் தெற்கே வர முடியாது என்பது தெரிந்துவிட்டது. பிளவை ஆராய்ந்த புவியியலாளர்கள் வடிவமைப்பாளர்களுக்குக் கொடுத்த குறிப்பின் சாரம் இதுதான்: தரை முறிந்தால் இந்தப் பட்டைக்குள்தான் முறியும், பக்கவாட்டில் 20 அடி வரையிலும் செங்குத்தாக 5 அடி வரையிலும் விலகலாம், எதிர்ப்பக்கத்துத் தரை வலப்புறமாக நகரும். பட்டையின் அகலம் ஏறத்தாழ 1,900 அடி. அந்த நீளத்தில் குழாயைப் புதைக்கவில்லை. தரைமேல் நீண்ட குறுக்கு உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் வழுக்கி நகரக்கூடிய தாங்கிகளில் குழாயை உட்காரவைத்தார்கள்.

2002 நவம்பர் 3 அன்று 7.9 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. சுமார் 340 கி.மீ. நீளத்துக்குத் தரை முறிந்தது. குழாய்க்கு அடியில், குறித்துக் கொடுத்த பட்டைக்குள்ளேயே, பக்கவாட்டில் ஏறத்தாழ 14 அடியும் செங்குத்தாக இரண்டரை அடியும் தரை விலகியது. தாங்கிகள் சில சேதமடைந்தன. குழாய் உடையவில்லை, எண்ணெய் சிந்தவில்லை.

அந்தக் குறிப்பில் அகலம் இருந்தது, திசை இருந்தது, விலகல் இருந்தது. மூன்றும் குழாய் கடக்கும் அந்த இடத்துக்கென்றே சொன்னவை. அதே நாளில் அதே பிளவு கிழக்கே ஓரிடத்தில் 8.8 மீட்டர் விலகியது. 20 அடி என்பது 6 மீட்டர் சொச்சம்தான். குழாய் அங்கே கடந்திருந்தால் அந்த எண் போதாமல் போயிருக்கும். ஆகவே “இந்தப் பிளவு எவ்வளவு விலகும்?” என்று கேட்பதில் பயனில்லை. “என் கட்டுமானம் கடக்கும் புள்ளியில் எவ்வளவு, எந்த அகலத்துக்குள், எந்தத் திசையில்?” என்று கேட்க வேண்டும். திட்ட அலுவலகத்து மேசைக்கு வழக்கமாக வந்து சேர்வது ஒரு வரைபடம், அதில் ஒரு சிவப்புக் கோடு, அருகில் ஓர் எண். கோட்டுக்கு அகலமும் எண்ணுக்கு வீச்சும் எப்படிப் பெறுவது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

குலுக்கலைத் தாங்கக் கம்பியைக் கூட்டலாம், தூணைத் தடிப்பாக்கலாம். தரைமுறிவுக்கு அந்த வைத்தியம் செல்லாது. அஸ்திவாரத்தின் பாதி இருந்த இடத்திலேயே இருக்க, மறுபாதி இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் நிற்கும்போது கான்கிரீட்டின் பலம் எதற்கும் உதவாது. மதிப்பீட்டை வடிவமைப்புக்கு முன்பே, முடிந்தால் இடம் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

பிளவு உயிரோடிருக்கிறதா?

1971 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோவில் வந்த நிலநடுக்கத்தில் வீடுகளுக்கு அடியிலேயே தரை முறிந்தது. மறு ஆண்டே அந்த மாநிலம் ஆல்கிஸ்ட்–ப்ரியோலோ சட்டத்தைக் கொண்டுவந்தது. உயிருள்ள பிளவின் மேல் மனிதர் குடியிருக்கும் கட்டடம் கூடாது; வழக்கமாக 50 அடி தள்ளிக் கட்ட வேண்டும். கடந்த 11,700 ஆண்டுகளுக்குள் அசைந்த பிளவு உயிருள்ளது என்று அங்கே கணக்கு. ஜப்பானில் அணு உலைகளுக்கு இந்த எல்லை 1,20,000 முதல் 1,30,000 ஆண்டுகள் வரை பின்னே போகிறது. 2024-இல் சுருகா அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. உலைக்கு அடியில் உயிருள்ள பிளவு இருக்கும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்பது காரணம். “இருக்கிறது” என்று யாரும் நிரூபிக்கவில்லை. “இல்லை” என்று நிலையத்தை நடத்தும் நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதை உங்கள் திட்டத்தின் விதிமுறையில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் இவ்விரண்டையும்விட நியூசிலாந்தின் வழி நியாயமானது. பிளவு சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை முறிகிறது என்பதையும், அதன் மேல் வரப்போகும் கட்டடம் எவ்வளவு முக்கியமானது என்பதையும் சேர்த்து வைத்து அங்கே முடிவெடுக்கிறார்கள். 2,000 ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ முறியும் பிளவின் மீது சாதாரண வீடுகூடக் கூடாது. இடைவெளி கூடக்கூடப் பிடி தளரும், மருத்துவமனை போன்றவற்றுக்கு மட்டும் எளிதில் தளராது. ஒரே ஒரு வயது எல்லையை வைத்து மாட்டுக்கொட்டகைக்கும் அணைக்கும் ஒரே பதில் சொல்வதில் பொருளில்லை.

பழம்பாறை நிலங்களில் மட்டும் இந்தக் கேள்வியே சிக்கலாகிவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மெக்கரிங்கில் 1968 அக்டோபரில் சுமார் 37 கி.மீ. நீளத்துக்குத் தரை முறிந்து, குடிநீர்க் குழாயையும் ரயில் பாதையையும் வளைத்தது. 1988 ஜனவரி 22 அன்று அதே நாட்டின் டெனன்ட் க்ரீக்கில் ஒரே நாளில் மூன்று நிலநடுக்கங்கள்; புதைத்திருந்த எரிவாயுக் குழாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் நெருக்கப்பட்டது. நம் தக்காணத்தில் 1993 செப்டம்பர் 30 அன்று கில்லாரியில் வந்தது 6.2 அளவுதான் என்றாலும் அங்கும் தரையில் முறிவு தெரிந்தது. இங்கெல்லாம் ஒரு முறிவுக்கும் அடுத்ததற்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள் போகலாம். அதற்குள் மழையும் ஏரும் தடயத்தை அழித்துவிடும். வரைபடத்தில் கோடு இல்லை என்பதை “ஆபத்து இல்லை” என்று படித்துவிடாதீர்கள்.

இமயமலையில் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். 1934 பீகார்–நேபாளப் பெரும் நிலநடுக்கம் தரையை முறிக்கவே இல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2013-இல் வெளிவந்த ஆய்வு, கிழக்கு நேபாளத்தின் ஆற்றங்கரை வெட்டுகளில் அந்த முறிவைக் கண்டெடுத்தது. காட்டுக்குள், ஆள் நடமாட்டமில்லாத அடிவாரத்தில் தரை இரண்டாகப் போனால் அன்றைக்கு யார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

கோட்டின் தடிமன்

1:50,000 அளவில் அச்சிட்ட வரைபடத்தில் 1 மி.மீ. தடிமனுள்ள கோடு, தரையில் 50 மீட்டர் அகலம். பிளவு அந்த 50 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வரைந்தவர் மலைமேல் நின்று கண்ணால் பார்த்து வரைந்திருந்தால் கோடே 100 மீட்டர் தள்ளியிருக்கும். அந்தக் கோட்டைக் கணினியில் பெரிதாக்கி, 1:500 அளவுள்ள மனைப்படத்தின் மேல் ஒட்டி, “பிளவு நம் சுற்றுச்சுவருக்கு 12 மீட்டர் வெளியே போகிறது” என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. அப்படி ஒன்று கைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முதல் வேலை நிலத்தைப் படிப்பது. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுக்கும் லைடார் படத்தில் மரஞ்செடிகளை உரித்துவிட்டு வெறும் தரையைப் பார்க்க முடியும். நேரே வந்த ஓடை ஓரிடத்தில் பக்கவாட்டில் ஒடிந்து, சற்றுத் தள்ளி மறுபடி நேரே போகும். வரிசையாகச் சிறு குட்டைகள் இருக்கும். சமவெளியில் காரணமில்லாமல் ஒரு மேடு எழும்பி நிற்கும். சாலை வெட்டுகளையும் கிணற்று வெட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். காசில்லாமல் கிடைக்கும் குறுக்குவெட்டுகள் அவை. பழைய விமானப் படங்களைத் தேடி எடுப்பது இன்னும் முக்கியம். நகரம் பரவுவதற்கு முன் எடுத்த படத்தில் இருக்கும் மேடு இன்றைக்கு ஒரு குடியிருப்புக்கு அடியில் போயிருக்கும்.

அதன் பிறகு அகழி. பிளவுக்குக் குறுக்காக, சந்தேகப் பட்டை முழுவதையும் தாண்டும் நீளத்துக்கு, மூன்று முதல் ஐந்து மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுக்காமலோ படிப்படியாக வெட்டாமலோ யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இயந்திரத்தின் பல் பட்ட சுவரில் எதுவும் தெரியாது. கொத்துக்கரண்டியால் சுரண்டி, தூரிகையால் துடைத்து, ஒரு மீட்டர் கட்டமாக நூல் கட்டி, ஒவ்வொரு படிவின் எல்லையிலும் வண்ணக்கொடி குத்திய ஆணி அடிப்பார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுவர் பேச ஆரம்பிக்கும்.

அடியில் கூழாங்கல் படிவு, அதன் மேல் வண்டல், அதற்கும் மேல் வேர் பாய்ந்த கருமண் என்று வைத்துக்கொள்வோம். கூழாங்கல் படிவு நேராக வந்து ஓரிடத்தில் சட்டென்று அறுபடுகிறது. மறுபக்கம் 80 செ.மீ. கீழே தொடர்கிறது. அறுபட்ட கோட்டில் கற்கள் நீளவாக்கில் செங்குத்தாகத் திரும்பி நிற்கின்றன. கோடு வண்டலையும் வெட்டிக்கொண்டு மேலேறி, கருமண்ணின் அடியில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில், விழுந்த பக்கத்தில், மேட்டிலிருந்து சரிந்த கலவை மண் ஆப்பு வடிவில் கிடக்கிறது. இப்போது கதை தெரிகிறது: வண்டல் படிந்த பின், கருமண் வருவதற்கு முன், ஒரே தடவையில் தரை முறிந்திருக்கிறது, நின்ற மேடு உதிர்ந்து ஆப்பாகியிருக்கிறது. ஆப்புக்குக் கீழே இன்னோர் ஆப்பு இருந்தால் அதற்கு முந்திய நிலநடுக்கம் ஒன்றும் உண்டு.

வயது சொல்லக் கரித்துண்டுகளைக் கார்பன் ஆய்வுக்கு அனுப்புவார்கள். கரி கிடைக்காத இடத்தில் மணலை எடுத்து, அது கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை ஒளி உமிழ்வு முறையில் அளப்பார்கள். அதற்கு மண்ணை வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயில் அடித்து எடுக்க வேண்டும். கரியின் வயதும் படிவின் வயதும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். மரம் செத்து, எரிந்து, வெள்ளத்தில் வந்து அங்கே தங்கியிருக்கும். கரி அந்தப் படிவைவிட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம். ஒரே ஒரு கரித்துண்டை நம்பி எழுதிய நிலநடுக்கத் தேதியின் மேல் அணை கட்டாதீர்கள்.

வடிவமைப்புப் பொறியாளர் ஒருமுறையாவது அந்த அகழிக்குள் இறங்க வேண்டும். முறிவு ஒற்றைக் கோடாக வருவது அபூர்வம் என்பதை அறிக்கையின் இருபது பக்கங்களைவிட அந்தச் சுவர் தெளிவாகச் சொல்லிவிடும். முதன்மைக் கோட்டில் 80 செ.மீ., ஆறு மீட்டர் தள்ளி 10 செ.மீ., அதற்கப்பால் மயிரிழை வெடிப்புகள் நாலைந்து. உங்கள் தூண் எந்தக் கோட்டின் மேல் நிற்கப்போகிறது?

அகலத்தைத் தீர்மானிப்பது பிளவின் வகையும் மேலே மூடியிருக்கும் மண்ணும். பக்கவாட்டில் நகரும் பிளவு நேராகப் போகும் இடத்தில் பட்டை குறுகலாக இருக்கும். வளைவிலும், ஒரு கிளை முடிந்து மறு கிளை தொடங்கும் இடைவெளியிலும் விரிந்துவிடும். ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறும் வகையில், ஏறிவரும் பக்கத்துத் தரைதான் மடிந்து, வெடித்து, அகலமாகப் பாழாகும். 1999 தைவான் நிலநடுக்கத்தில் செலுங்பு பிளவு நெடுகிலும் இதைக் கண்டார்கள். அந்த வகைப் பிளவுக்கு இரு புறமும் ஒரே அளவு இடம் விடுவது அர்த்தமற்றது. ஏறும் பக்கத்தில் கூடுதலாக விட வேண்டும். மண்ணைப் பொறுத்தவரை, அடர்ந்த மணல் கொஞ்சம் விலகினாலே முறிந்து கோட்டைத் தரைவரை கொண்டுவந்துவிடும். ஈரக் களிமண் பிசைந்த மாவைப்போல் இழுபடும். சிறு விலகலாக இருந்தால் முறிவு மேலே வராமல் தரை சாய்வதோடு நின்றுவிடலாம். சாய்வும் கட்டடத்துக்குக் கேடுதான். ஆனால் அதற்கு வழி பண்ண முடியும்.

எவ்வளவு விலகும்?

இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. நேரடிப் பாதை, அந்தப் பிளவின் பழைய விலகல்களை அளப்பது. கலிஃபோர்னியாவின் கரிசோ சமவெளியில் வாலஸ் ஓடை சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் தாண்டும் இடத்தில் 128 மீட்டர் ஒடிந்து நிற்கிறது. கெர்ரி சீயும் ரிச்சர்ட் ஜான்ஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒடிவு சுமார் 3,700 ஆண்டுகளில் ஏற்பட்டது என்று கண்டார்கள். வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 34 மி.மீ. இது பல நிலநடுக்கங்களின் கூட்டுத்தொகை. ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதைப் பக்கத்திலுள்ள சிறு ஓடைகளின் ஒடிவுகளில் தேட வேண்டும். உங்கள் தளத்துக்கு அருகிலேயே அப்படி அளந்த எண் கிடைத்தால் அதுவே முதல் மரியாதைக்கு உரியது.

அப்படிக் கிடைக்காதபோது மறைமுகப் பாதை: பிளவின் நீளத்திலிருந்து நிலநடுக்க அளவு, அதிலிருந்து விலகல். வெல்ஸும் காப்பர்ஸ்மித்தும் 244 நிலநடுக்கங்களின் தரவைத் திரட்டி 1994-இல் தந்த சமன்பாடுகள் இன்றும் முதல் கணக்குக்குப் பயன்படுகின்றன. எல்லா வகைப் பிளவுகளுக்கும் பொதுவானவை இவை (நீளம் கி.மீ.-இல், விலகல் மீட்டரில், மடக்கை பத்தின் அடியில்):

அளவு = 5.08 + 1.16 × மடக்கை (முறிவு நீளம்)
மடக்கை (சராசரி விலகல்) = −4.80 + 0.69 × அளவு
மடக்கை (உச்ச விலகல்) = −5.46 + 0.82 × அளவு

40 கி.மீ. நீளமுள்ள பிளவை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 6.9-ஐ ஒட்டி வரும்; சராசரி விலகல் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உச்ச விலகல் 1.7 மீட்டர். கணிப்பொறி இதை இரண்டு தசம இலக்கத்தில் அழகாகத் தரும், மயங்க வேண்டாம். உச்ச விலகலுக்கான சமன்பாட்டில் சிதறல் 2.6 மடங்கு. அதாவது உண்மையான நிலநடுக்கங்களில் மூன்றில் இரண்டு பங்கு 0.65 மீட்டருக்கும் 4.5 மீட்டருக்கும் இடையே விழும். மிச்சம் அதற்கும் வெளியே.

இன்னொரு பெரிய ஐயம், அந்த 40 கி.மீ. பற்றியது. பிளவு தனியாக முறியும் என்று யார் சொன்னது? 1992 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் லாண்டர்ஸில் தனித்தனிப் பெயர் பெற்றிருந்த ஐந்து பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து முறிந்து 7.3 அளவைத் தொட்டன. 2016 நவம்பர் 14 அன்று நியூசிலாந்தின் கைகோராவில் இருபதுக்கும் மேற்பட்ட பிளவுகள். உங்கள் 40 கி.மீ. பிளவு பக்கத்துப் பிளவோடு சேர்ந்து 90 கி.மீ. முறிந்தால், அளவு 7.35-க்குப் போகும், சராசரி விலகல் 1.9 மீட்டர், உச்சம் 3.7 மீட்டர். பக்கவாட்டுப் பிளவுகளில் இரண்டு கிளைகளுக்கு நடுவே மூன்று நான்கு கி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் முறிவு பெரும்பாலும் அங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பழைய முறிவுகளின் வரைபடங்கள் காட்டுகின்றன. இடைவெளி ஒரு கி.மீ.தான் என்றால் தாண்டும் என்றே வைத்துக் கணக்கிடுங்கள். தனியாக முறிவதற்கும் சேர்ந்து முறிவதற்கும் தனித்தனி எடை கொடுத்து இரண்டையும் கணக்கில் வைத்திருப்பது நல்லது. ஒன்றை அழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வது பெரும்பாலும் யாரோ விரும்பிய விடைக்காகச் செய்வது.

பிளவின் நெடுகே விலகல் சமமாக இராது. நுனிகளில் தேய்ந்து பூஜ்யமாகும். நடுவில் கூடும், அதிலும் ஏறி இறங்கும். சில நூறு மீட்டருக்குள் பாதியாகக் குறைந்து மறுபடி ஏறுவதும் உண்டு. ஆகவே சராசரி எண்ணை அப்படியே தளத்தில் வைக்கக் கூடாது. தளம் பிளவின் நடுவில் இருந்தால் சராசரியைத் தாண்டும் வாய்ப்பு கணிசமானது. உயிர் சம்பந்தப்பட்ட கட்டுமானத்துக்கு நான் உச்ச விலகலை ஒட்டியே போவேன்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

நிலநடுக்கம் வந்தாலே தரை முறியும் என்பதில்லை. உலகத் தரவைக் கொண்டு வெல்ஸும் காப்பர்ஸ்மித்தும் போட்ட வாய்ப்புக் கணக்கில் 5.5 அளவுக்கு முறிவு தரையை எட்டும் வாய்ப்பு கால்வாசிக்கும் குறைவு, 6-க்கு 45 சதம், 6.5-க்கு 70, 7-க்கு 86 சதத்தை ஒட்டி. ஆனால் 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியை அழித்தது 7.6 அளவுள்ள நிலநடுக்கம். அதன் முதன்மைப் பிளவு தரையை எட்டவில்லை. 2015 நேபாள நிலநடுக்கத்திலும் அப்படியே. மறுபுறம், 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் நாப்பாவில் 6.0 அளவே தெருக்களையும் வீடுகளையும் வெட்டிக்கொண்டு போனது.

அணு உலைக்கோ பெரிய அணைக்கோ “அதிகபட்சம் இவ்வளவு” என்று ஓர் எண் மட்டும் போதாது. எந்த விலகலை ஆண்டுக்கு எந்த வாய்ப்பில் தாண்டும் என்ற வளைகோடு வேண்டும். நெவாடாவின் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்டபோது உருவான முறைதான் இன்று பரவலாக உள்ளது. 2003-இல் யங்ஸும் குழுவினரும் அதை வெளியிட்டனர். பார்க்கப் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது நான்கு எண்களின் பெருக்கல்தான்.

நம் 40 கி.மீ. பிளவு ஆண்டுக்கு 1 மி.மீ. நகர்கிறது, ஒரு தடவைக்கு ஒரு மீட்டர் விலகுகிறது என்றால் சராசரியாக 1,000 ஆண்டுக்கு ஒருமுறை முறியும். ஆண்டு வாய்ப்பு 0.001. முறிவு தரையை எட்டும் வாய்ப்பு 0.85. அது நம் தளம் இருக்கும் பகுதி வழியே போகும் வாய்ப்பு 0.8 என்று வைப்போம். போனால் நாம் வடிவமைத்த விலகலைத் தாண்டும் வாய்ப்பு 0.3. நான்கையும் பெருக்கினால் 0.0002-ஐ ஒட்டி வருகிறது. சுமார் 4,900 ஆண்டுக்கு ஒருமுறை. 50 ஆண்டு உழைக்கும் பாலத்துக்கு இது ஏறத்தாழ ஒரு சதவீத வாய்ப்பு. அந்த ஒரு சதத்தை ஏற்பதா என்பது புவியியலாளரின் முடிவல்ல. திட்ட உரிமையாளர் எழுத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

முதன்மைக் கோட்டுக்கு வெளியே சிதறும் சிறு முறிவுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. தூரம் கூடக்கூட வாய்ப்பும் விலகலும் குறையும், ஆனால் பூஜ்யமாகாது. இரண்டையும் ஒரே வளைகோட்டில் கலந்த அறிக்கையை ஏற்காதீர்கள்.

எண் கைக்கு வந்த பின்

கட்டடமென்றால் தள்ளிக் கட்டுங்கள், பேச்சே இல்லை. தள்ள முடியாத குழாய், சாலை, கால்வாய், சுரங்கப்பாதை போன்றவற்றில்தான் பொறியியலுக்கு வேலை.

புதைத்த எஃகுக் குழாய் இழுவையைத் தாங்கும், நெருக்கத்தைத் தாங்காது. பிளவு நகரும் திசையைப் பார்த்து, குழாய் இழுபடும் கோணத்தில் அதைக் கடக்கச் செய்ய வேண்டும். ஆழமாகப் புதைக்காமல், சாய்ந்த சுவருள்ள அகழியில் தளர்ந்த மணலை நிரப்பிப் போட்டால் குழாய் நகர இடம் கிடைக்கும். கடக்கும் இடத்துக்கு அருகில் வளைவு, வால்வு, கான்கிரீட் நங்கூரம் எதுவும் கூடாது. 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் குல்லாரில் 2.2 மீட்டர் விட்டமுள்ள குடிநீர்க் குழாயின் கீழ் தரை ஏறத்தாழ 3 மீட்டர் விலகியது. கோணம் குழாயை நெருக்கும் வாட்டத்தில் இருந்ததால் அது மடிந்து சுருங்கிக் கசிந்தது. ஆனால் அறுந்துவிடவில்லை. நல்ல பற்றவைப்பு உள்ள எஃகு எவ்வளவு பொறுக்கும் என்பதற்கு இது சாட்சி.

பாலத்தில் தளம் நழுவி விழாமலிருக்கத் தூண்தலையின் அகலம் போதுமா என்று பாருங்கள். துருக்கியிலேயே அதே ஆண்டு நவம்பர் 12 அன்று, கட்டி முடியும் தறுவாயில் இருந்த போலு மேம்பாலத்தைப் பிளவு சாய்வாக வெட்டிச் சென்றது. தாங்கிகள் தம் எல்லையை மீறிப் போயின, தளம் விழாமல் தப்பியது.

அணைக்குச் சமாதானம் குறைவு. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானின் ஷிகாங் அணையின் ஒரு முனையில் மதகுகள் நொறுங்கின; முறிவின் இரு பக்கமும் 7 மீட்டருக்கு மேல் மட்டம் வேறுபட்டது. நியூசிலாந்தின் கிளைடு அணையில் ஆற்றுப் படுகையின் பிளவுக்கு நேராக, ஏறத்தாழ 2 மீட்டர் பக்கவாட்டு விலகலைத் தாங்கும் வழுக்கு இணைப்பு வைத்துக் கட்டினார்கள். சிறு விலகலுக்கு இது வழி; பெரிய விலகல் எதிர்பார்க்கும் இடத்தில் மண்ணும் கல்லும் குவித்த அணையைப் பரிசீலிக்கலாம், கான்கிரீட்டை அல்ல.

பெர்க்லியில் 1923-இல் கட்டிய விளையாட்டரங்கின் குறுக்கே ஹேவர்டு பிளவு போகிறது. 2012-இல் புதுப்பித்தபோது பிளவின் மேல் விழும் பகுதிகளைத் தனித் துண்டுகளாக வெட்டி, மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட மேடையில் உட்காரவைத்தார்கள். தரை விலகினால் துண்டு தனியே நகரும். பழைய கட்டடத்தை இடிக்க முடியாதபோது செய்யத்தக்கது இது. புதிதாகக் கட்டுவோருக்கு முன்மாதிரியல்ல. 1972-இல் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் மத்திய வங்கியின் கனத்த பெட்டக அறைகளுக்கு அடியில் வந்த முறிவு அவற்றைச் சுற்றி விலகிப் போனதும் உண்மைதான். ஆனாலும் கனமான அஸ்திவாரத்தால் முறிவைத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை செ.மீ. விலகலுக்கு என்று கேளுங்கள்.

புவியியலாளருக்கு வேலை கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை உண்டு. பிளவின் கோடு எந்த அளவுள்ள வரைபடத்தில், எத்தனை மீட்டர் ஐயத்தோடு வரையப்பட்டது. விலகலின் திசை தளத்தின் வடக்கைக் குறிப்பாகக் கொண்டு. முதன்மை விலகலும் சிதறிய விலகலும் தனித்தனியாக. சராசரி, உச்சம், இரண்டின் வீச்சு. எந்தப் பக்கத்துப் பிளவுகள் சேர்ந்து முறியும் என்று வைத்தார்கள். அகழியின் சுவர்ப் படம் முழு அளவில், சுருக்கம் அல்ல. அகழியை மூடுவதற்கு முன் வேறொரு புவியியலாளரை இறக்கிக் காட்டுவதையும் செலவில் சேர்த்துவிடுங்கள்.

கட்டுமானம் தொடங்கும் முன் பிளவின் இரு பக்கமும் பாறையில் ஊன்றிய அளவைக் கற்களை நட்டு, அவற்றின் இடைத்தூரத்தையும் மட்டத்தையும் மி.மீ. துல்லியத்தில் அளந்து ஆவணத்தில் வைக்கவும். நாப்பாவில் நிலநடுக்கம் ஓய்ந்த பிறகும் பிளவு நாட்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. ஒட்டவைத்த தரையும் சுவரும் மறுபடி வெடித்தன. உங்கள் குழாயோ பாலமோ முதல் அடியைத் தாங்கிவிட்டால், அடுத்த நாள் காலையில் தாங்கிகளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்க அவசரப்படாமல் முதலில் இந்தக் கற்களை அளக்கச் சொல்லுங்கள். நகர்வு அடங்கும்வரை வாரம் ஒருமுறை அளந்து, அதன் பிறகு பழுதுபார்க்கலாம்.